ஆர்டர் இருக்கிறது, கையில் காசில்லை

அன்புள்ள ஐயா,

‘திறமை இருப்பவர் எப்படியும் நிலைத்துவிடுவார்’ என்று சிறுதொழில் பற்றிய கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். ஒன்பது பேர் வேலை செய்யும் லேத் பட்டறை என்னுடையது. ஆர்டருக்குக் குறைவில்லை. குறை சொல்லித் திரும்பி வந்த சரக்கும் அபூர்வம். ஆனாலும் சனிக்கிழமை தோறும் கூலி கொடுக்க வட்டிக்கு வாங்குகிறேன். பெரிய கம்பெனி என் பில்லை மூன்று, நான்கு மாதம் வைத்திருக்கிறது. எனக்குத் திறமை போதவில்லையா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது.

இரும்பை ரொக்கம் கொடுத்து எடுக்கிறீர்கள். கூலி வாரக் கடைசியில். கரண்ட் பில் தேதி தவறினால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். உங்களுக்கு வரவேண்டியது மட்டும் 100 நாள் கழித்து. 90 ரூபாய் போட்டு 100 ரூபாய்க்குக் கொடுக்கிறீர்கள், அந்த 90-ஐ மூன்று வட்டிக்கு வாங்கியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். 100 நாளில் வட்டியே 9 ரூபாய். பெரிய கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பவர் நீங்கள். அதற்கு வட்டி கட்டுபவரும் நீங்கள்தான்.

இலங்கையில் உங்களுடையதைவிட மிகச் சிறிய தொழில்கள் சிலவற்றுக்குக் குலுக்கல் முறையில் முதலீடு கொடுத்துப் பார்த்தார்கள் பொருளாதார ஆய்வாளர்களான சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் உட்ரஃப். 2008-இல் வெளியான அவர்கள் முடிவு: அந்த முதலீடு மாதந்தோறும் சுமார் 5 சதவீதம் ஈட்டியது. பணத்தைப் பெருக்கத் தெரிந்தவர்களிடம் பணம் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு பட்டறையில் நின்றிருந்தபோது கரண்ட் போனது. லேத் தளர்ந்து நிற்க, டூல் ஜாபிலேயே, அதாவது கடைந்துகொண்டிருந்த இரும்பிலேயே, கடித்துக்கொண்டு முனை தெறித்தது. அந்தப் பெரியவர் ஒன்றும் பேசாமல் டூலைக் கையால் பின்னுக்கு இழுத்து, ஜாபில் விழுந்த கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு அதை ஸ்கிராப் பெட்டியில் போட்டார். அந்த நஷ்டம் எந்த பில்லிலும் ஏறாது. இத்தனைக்கும் மேல்தான் உங்களுக்கு அந்த 100 நாள் காத்திருப்பு.

சட்டம் இல்லாமல் இல்லை. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான இந்தியாவின் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் 45 நாளுக்கு மேல் தவணை கூடாது என்கிறது, தாமதத்துக்கு வட்டியும் விதிக்கிறது. ஆனால் இருக்கும் ஒரே பெரிய வாடிக்கையாளர் மேல் யார் வழக்குப் போடுவார்? மெக்சிகோவில் நாஃபின் என்ற அரசு வங்கி 2001-இல் வேறு வழி பிடித்தது. வாங்கும் கம்பெனி பில்லை ஒப்புக்கொண்டதும், சரக்குக் கொடுத்தவர் அதை இணையத்திலேயே வங்கிக்கு விற்றுப் பணம் எடுத்துக்கொள்ளலாம். வட்டி பெரிய கம்பெனியின் நம்பகத்தைப் பார்த்துப் போடுவதால் குறைவு. எனக்கு இதுதான் சரியான பாதையாகத் தெரிகிறது. பில்லை ஒப்புக்கொள்ளவே இழுத்தடிப்பதை மட்டும் அரசு தடுக்க வேண்டும்.

அதுவரை ஒன்று செய்து பாருங்கள். அடுத்த ஆர்டருக்கு இரும்பை அவர்களையே கொடுக்கச் சொல்லி, மெஷினிங் கூலிக்கு மட்டும் பில் போடுங்கள். லாபம் கொஞ்சம் இறங்கும், ஆனால் இரும்பில் உங்கள் பணம் முடங்காது. என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.