வாசகர் கேள்வி–பதில்: பின்கட்டுக் கொட்டகைக்குத் தகரக் கூரை

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்கட்டைத் தாண்டிக் கிணற்றடிக்கு அருகில், விறகும் பழைய சாமான்களும் போட்டு வைக்கும் கொட்டகை ஒன்று உள்ளது. 10 அடி அகலம், 15 அடி நீளம். நாட்டு ஓடு வேய்ந்த கூரையின் சட்டங்களைக் கரையான் அரித்துவிட்டதால் ஓட்டை இறக்கிவிட்டு ஷீட் போட எண்ணியுள்ளோம். கொட்டகையின் ஒரு பக்கம் வீட்டின் பழைய சுண்ணாம்புச் சுவரை ஒட்டியுள்ளது. 0.35 மி.மீ. ஷீட்டே போதும் என்றும், மீதமுள்ள சட்டங்களின் மேலேயே அடித்துவிடலாம் என்றும் வெல்டிங் செய்பவர் சொல்கிறார். செய்யலாமா? – வாசகி, காரைக்குடி

பதில்: அந்தச் சட்டங்களின் மேல் அடிக்க வேண்டாம். ஓட்டுக் கூரைக்கும் தகரக் கூரைக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், மற்ற முடிவுகளைத் தாங்களே எளிதாக எடுத்துவிடலாம். சீமை ஓடு வேய்ந்த கூரை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 40 கிலோ எடை இருக்கும். நம் பக்கத்தில் அடுக்கடுக்காக வேயும் நாட்டு ஓடு அதைவிடக் கனமானது. தகர ஷீட்டோ 4 முதல் 5 கிலோதான். ஓட்டுக் கூரை தன் எடையாலேயே காற்றில் அசையாமல் நிற்கும். அதற்குத் தாங்குகிற பலம் இருந்தால் போதும். தகரக் கூரைக்கு அதைக் கீழே இழுத்துப் பிடித்து வைக்கிற பலம்தான் முதலில் வேண்டும். காற்று கூரையின் மேல் பாயும்போது மேற்பக்கம் உறிஞ்சும். பக்கம் திறந்த கொட்டகையாக இருந்தால் உள்ளே புகுந்த காற்று அடியிலிருந்தும் தூக்கும். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் புதுக்கோட்டைப் பக்கம் செய்த சேதத்தைக் கண்ணால் கண்டவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. கரையான் அரித்த மரம் மேலிருந்து வரும் எடையைச் சிலகாலம் தாங்கக்கூடும். ஆனால் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளாது.

ஆகவே செலவின் பெரும்பகுதி அடிக்கட்டுக்குப் போகட்டும். இரும்புக் குழாய்க் கால்களைக் குழி தோண்டிக் கான்கிரீட்டில் நிறுத்தி, அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்களை 4 அடிக்கு ஒன்றாக வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். வெல்டிங் செய்த இடங்களில் துருவைத் தேய்த்து எடுத்து, ஷீட் ஏறுவதற்கு முன்பே பிரைமரும் பெயின்ட்டும் அடித்துவிட வேண்டும். ஷீட் மூடிய பிறகு சட்டத்தின் மேல்முகத்துக்குத் தூரிகை எட்டாது. கூரையின் பாரத்தைச் சுண்ணாம்புச் சுவரில் ஏற்றாமல், அந்தப் பக்கத்துக்கும் தனிக் கால்கள் கொடுப்பதே நல்லது.

ஷீட்டைப் பொறுத்தவரை 0.35 மி.மீ. மிகவும் மெல்லியது. தென்னை மட்டை விழுந்தாலும், முருங்கைக்காய் பறிக்க யாராவது ஏறினாலும் நெளிந்துவிடும். நெளிந்த இடத்தில் நீர் தேங்கும். 0.47 அல்லது 0.50 மி.மீ. வாங்குங்கள். கடையில் சொல்லும் தடிமன் பூச்சையும் சேர்த்ததா, இரும்பின் தடிமன் மட்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே எண்ணைச் சொல்லி இரு கடைக்காரர்கள் இரு வேறு ஷீட்டுகளைக் காட்டுவது இதனால்தான். இப்போது பரவலாகக் கிடைக்கும் கால்வலூம் ஷீட்டின் பூச்சில் 55 விழுக்காடு அலுமினியமும் 43 விழுக்காட்டுக்குச் சற்று மேல் துத்தநாகமும் மீதி சிலிக்கானும் உள்ளன. அந்தப் பூச்சுதான் இரும்பைக் காக்கிறது. எனவே ஷீட்டை வெட்டுவதற்கு கிரைண்டரைத் தொடவே கூடாது. அதன் சூடு வெட்டிய ஓரத்துப் பூச்சை எரித்துவிடுவதோடு, பறக்கும் பொறிகள் பக்கத்து ஷீட்டில் ஒட்டிக்கொண்டு முதல் மழையிலேயே செம்புள்ளிகளாகத் துருவேறும். தகரக் கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள்; தேவையான நீளத்துக்கே கடையில் வெட்டி வாங்கிவிட்டால் அந்த வேலையும் குறையும். துளையிட்டபோது விழுந்த இரும்புத் துகள்களை அன்று மாலையே மெல்லிய துடைப்பத்தால் கூட்டி எடுத்துவிட வேண்டும்.

வாட்டம் 10 அடிக்கு 1 அடியாவது வேண்டும். 1½ அடி கொடுத்தால் சருகு தங்காது. வடகிழக்குப் பருவமழையின் சாரல், ஷீட்டின் மேல் ஷீட் ஏறும் ஒட்டுக்குள் புகாமல் இருக்க, ஷீட் போடுவதைத் தென்மேற்கு முனையிலிருந்து தொடங்குங்கள். அப்போது ஒவ்வொரு ஒட்டின் திறந்த ஓரமும் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும்.

ஸ்க்ரூவைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் ஒழுகும் தகரக் கூரைகளில் குறை பெரும்பாலும் ஷீட்டில் இருப்பதில்லை, ஸ்க்ரூவில்தான் இருக்கிறது. ஷீட்டின் மேட்டில் அடித்தால் நீர் ஓடும் பள்ளத்தில் துளை விழாது. ஓரச் சட்டங்களில் ஒவ்வொரு மேட்டிலும், நடுச் சட்டங்களில் ஒன்று விட்டு ஒன்றிலும் அடிக்கலாம். ஸ்க்ரூவின் தலைக்கடியில் உள்ள கறுப்பு ரப்பர் வாஷர், முடுக்கி முடித்ததும் இரும்புத் தொப்பியின் விளிம்பில் நூலளவு எட்டிப் பார்க்க வேண்டும். எட்டிப் பார்க்கவில்லை என்றால் இறுக்கம் போதவில்லை. பிதுங்கிச் சுருண்டு வெளியே வந்திருந்தால் அதிகம் முடுக்கிவிட்டார்கள், ஓரிரு கோடையில் அந்த ரப்பர் வெடித்துவிடும். 20 அடி நீளமுள்ள ஷீட், விடியற்காலைக் குளிருக்கும் உச்சி வெயிலுக்கும் இடையே 40 டிகிரி வேறுபாட்டில் ஏறத்தாழ 3 மி.மீ. நீண்டு சுருங்கும். அந்த அசைவை நாள்தோறும் தாங்க வேண்டியது இந்த ரப்பர்தான். ஆகையால் வேலை நடக்கும்போது தாங்களோ வீட்டில் ஒருவரோ அருகிலிருந்து ஒவ்வொரு வரிசையையும் பார்த்து வேலை வாங்குங்கள்.

இறுதியாக, சுவரோரம். ஈரச் சுண்ணாம்பும் ஈர சிமென்ட்டும் அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரிக்கும். ஷீட்டின் விளிம்பைச் சுவரில் சொருகிப் பூசிவிடுவது கொத்தனார்களின் வழக்கம், அதைச் செய்யவிடாதீர்கள். செங்கல் வரிசைகளுக்கு நடுவே உள்ள சாந்தில் ஆழமில்லாத காடி எடுத்து, பெயின்ட் அடித்த மடிப்புத் தகடு ஒன்றை அதில் பொருத்தி, அது ஷீட்டின் மேல் தொங்குமாறு விடுங்கள். காடியை அடைக்கும் சிலிக்கான் பசை வினிகர் போன்ற புளித்த வாடை அடிக்காத வகையாக இருக்கட்டும். வாடை அடிப்பது அமிலம், அதுவும் பூச்சைத் தின்னும். சுவரில் பெயர்ந்த இடங்களைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே பூசுங்கள். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிப் பழைய சுவர் உள்ளுக்குள் பொரிந்துபோகும். இத்தனை தலைமுறை நின்ற சுவரை ஒரு விறகுக் கொட்டகைக்காகக் கெடுத்துவிடக் கூடாது.

கேள்வி: தோட்டத்துக் கொட்டகையில் தகரக் கூரை போட்டு விட்டோம். சித்திரை வெயிலில் உள்ளே நிற்கவே முடியவில்லை. மேலே தென்னங்கீற்று வேயலாமா, மொட்டை மாடிக்கு அடிப்பதுபோல் சுண்ணாம்பு அடிக்கலாமா? – வாசகர், தேவகோட்டை

பதில்: இரண்டும் வேண்டாம். மேலே போட்ட கீற்று மழை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஷீட்டைத் துருவேற்றும். சுண்ணாம்பு, ஷீட்டின் பூச்சை அரிக்கும் என்பதை மேலே சொல்லியுள்ளேன். வெள்ளை அடிக்கத்தான் வேண்டும் என்றால், உலோகக் கூரைக்கென விற்கும் வெயில் தடுக்கும் வெள்ளை பெயின்ட்டை அடியுங்கள்.

கீற்றையோ மூங்கில் தட்டியையோ கூரைக்கு அடியில், ஒரு சாண் இடைவெளி விட்டு மச்சுபோலக் கட்டலாம். தகரத்தின் வெக்கை நேராகத் தலையில் இறங்காது. பளபளக்கும் குமிழித் தாள் போடுவதானாலும் ஷீட்டோடு ஒட்டாமல் ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும்; பளபளப்பான முகத்துக்கு எதிரே காற்று இல்லாவிட்டால் அது பயன்படாது. இவற்றைவிட முக்கியம், சூடான காற்று வெளியேற உச்சியில் திறப்பு வைப்பது. உயர்ந்த கூரையும் நடுமுற்றமுள்ள வளவும் நம் வீடுகளுக்குள் செய்துவைத்த வேலையை, கொட்டகையில் அந்தத் திறப்பு ஓரளவு செய்யும். மழைச் சாரல் வராமல் அதன் மேல் சிறு மூடி போட்டுவிடுங்கள்.

கேள்வி: மாட்டுக் கொட்டகைக்கும் இதே ஷீட்டைப் போடலாமா? – வாசகர், பள்ளத்தூர்

பதில்: போடலாம், ஆனால் அடிப்பக்கமும் வண்ணப் பூச்சு உள்ள ஷீட்டாக வாங்குங்கள். கோமியத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவி ஷீட்டை உட்புறமிருந்து அரிக்கும். கூரையை 10 அடிக்குக் குறையாமல் உயர்த்தி, பக்கங்களைத் திறந்து விட்டால் ஆவியும் தங்காது, மாடும் இளைப்பாறும்.

கேள்வி: பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் விரிசல் விழுந்துள்ளது. அதை எடுக்காமல் மேலேயே தகர ஷீட்டை அடித்துவிட்டால் செலவு மிச்சம் என்கிறார்கள். – வாசகர், பொன்னமராவதி

பதில்: வேண்டாம். ஸ்க்ரூ அடிக்க ஆஸ்பெஸ்டாஸைத் துளைத்தால் எழும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார்கள் இருக்கும், மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலிலேயே தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோய்விடக் கூடியவை அவை. கூலி மிச்சமாகலாம், துளையிடுகிற தொழிலாளிக்கு நாம் அந்த ஆபத்தைக் கொடுக்கக் கூடாது. அதன் மேல் கால் வைத்து ஏறுவதும் ஆபத்து, திடீரென்று உடைந்துவிடும். ஷீட்டைத் தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்து, ஓரத்தில் ஏணி வைத்து, கொக்கி ஆணிகளைக் கழற்றி முழு ஷீட்டாகவே இறக்கச் சொல்லுங்கள். வேலை செய்பவர்கள் முகத்தில் கட்டும் துண்டு போதாது. நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். குழந்தைகளை அன்று முழுவதும் அந்தப் பக்கம் விடாதீர்கள். இறக்கியதைத் தடித்த பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்து, நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டு அவர்கள் சொல்லும் இடத்தில் ஒப்படையுங்கள். உடைத்து நடைபாதையில் பரப்புவதும் ஊருணிக் கரையில் கொட்டுவதும் கூடவே கூடாது.