மெசிக்குக் கீழே என்ன புல்?

வணக்கம் அண்ணா,

மெசி பெர்குசன் 135 உழவு இயந்திரத்தின் 1:32 மாதிரி ஒன்றுக்குச் சேறு, தூசி, துருவெல்லாம் பூசி முடித்துவிட்டேன். குளக்கட்டு ரோட்டில் நிற்கிற மாதிரி ஒரு பலகையில் வைக்க ஆசை. வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பின நைலோன் புல்லைப் பசைமேல் தூவினால் எல்லாம் படுத்துக் கிடக்கிறது, நிறமும் கிரிக்கெட் மைதானம் மாதிரி. புல் நிமிர்த்துகிற கருவி இங்கே கிடைக்கவில்லை. என்ன செய்யலாம்?

க., மாங்குளம்

அன்புள்ள தம்பி,

அந்த நைலோன் இழை கையால் தூவினால் நிற்காது. கருவியின் கம்பிவலையில் ஒரு வயர், ஈரப் பசையில் குத்தின ஊசியில் மற்ற வயர், இடையில் உயர் வோல்ற்றேஜ். இழைகள் மின்னேற்றம் பெற்று, நிமிர்ந்தபடியே பாய்ந்து பசையில் குத்தி நிற்கும், அவ்வளவுதான் விசயம். நுளம்படிக்கிற பட்டின் உள்ளிருக்கிற சுற்றைக் கழற்றி, தேத்தண்ணி வடிக்கிற கம்பி வடியோடு இணைத்து இதையே செய்கிறவர்கள் நிறையப் பேர். கடைக் கருவியைவிட வலு குறைவு, அதனால் வடியைப் பலகைக்குக் கிட்டவாகப் பிடிக்கவேண்டும், குட்டை இழைதான் ஒழுங்காக நிற்கும். ஆனால் சுவிட்சை நிறுத்தின பிறகும் அதன் கப்பாசிற்றரில் மின் இருக்கும். இரண்டு வயர் நுனியையும் ஒன்றோடொன்று தொடவைத்துவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். மின்வேலை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், ஸ்பிரே பசை, தின்னர் எதுவும் கிட்ட வேண்டாம், பொறி பறக்கும்.

இனி நிறம். எனக்கு இதுதான் பெரிய பிரச்சினையாகத் தெரிகிறது. நீங்கள் எந்த மாதத்தைச் செய்கிறீர்கள் என்று கடிதத்தில் இல்லையே! மார்கழியில் மாரி மழை பெய்து ஓய்ந்த குளக்கட்டு வேறு, ஆவணிக் கோடையில் அதே கட்டு வேறு. கோடை என்றால் வைக்கோல் நிறம்தான் முக்கால்வாசி, பச்சை தண்ணீர்க்கரையில் மட்டும் கொஞ்சம். மாரி என்றாலும் பெட்டியிலிருந்து வருகிற அந்தத் தனிப் பச்சையை அப்படியே போடாதீர்கள், மஞ்சளும் மண்ணிறமும் கலவுங்கள். நீளத்தையும் கலக்கவேண்டும்: 1:32 என்றால் நிசத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அதனால் 2 மில்லிமீற்றர் இழை உண்மையில் ஆறு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட, 6 மில்லிமீற்றர் கிட்டத்தட்ட பத்தொன்பது, 12 மில்லிமீற்றர் போட்டால் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேவரை வந்துவிடும். மாடு மேய்கிற கட்டில் அவ்வளவு உயரமாக எங்கும் ஒரேயடியாக நிற்குமா?

அதுக்கு முதல் மண். ரெஜிபோமில் மேடு பள்ளம் வெட்டி, மண்ணிற பெயின்ற் அடித்து, உங்கள் வளவுச் செம்மண்ணையே அரிதட்டில் நன்றாக அரித்து, ஒரு தகரத்தில் வறுத்துவிட்டுப் போடுங்கள் (வறுக்காவிட்டால் பூச்சியும் விதையும் உள்ளே இருக்கும்). பைண்டர் கம்மைச் சம அளவு தண்ணீரில் கரைத்து, பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு சொட்டு விட்டால் மண்ணுக்குள் இறங்கும், இல்லையென்றால் மேலே முத்து முத்தாக நிற்கும். பசை காய்ந்தபிறகு மண் ஒரு மாத்து கறுத்துத் தெரியும், அதனால் மேலே கொஞ்சம் வெளிர்த் தூசி தடவுங்கள்.

புல்லை எல்லா இடமும் போடவேண்டாம். சில்லுத்தடம் இரண்டும் மொட்டை, நடுவில் குட்டைப் புல், ஓரத்தில்தான் உயரம். உயரப் புல்லுக்குக் கருவியே தேவையில்லை. பழைய தும்புத்தடியில் நாலு தும்பைப் பிடுங்கிச் சின்னக் கட்டாக வெட்டி, ஊசித் துளையில் பசையோடு நட்டு, நுனியை விரித்துவிடுங்கள், காய்ந்த இலுக்குப் புல்லுக்கு அதைவிடப் பொருத்தமான சாமான் கடையில் வாங்க முடியாது. சணல் கயிற்றைப் பிரித்தாலும் சரி, ஆனால் மயிர் மயிராக நிற்கிறதைக் கத்தரிக்கவேண்டும்.

கடைசியாக, கீழ் மண் நிறத்தையே மெசியின் ரயர் பள்ளங்களிலும் தடவுங்கள். வண்டிக்கு ஒரு சேறும் ரோட்டுக்கு வேறு மண்ணும் என்றால் பார்த்தவுடன் பிடிபட்டுவிடும். முடிந்ததும் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், மேலிருந்து எடுத்தால் புல்லின் உயரம் தெரியாது.