தோப்பு வெட்டிய பிறகு தேனீ எங்கே போகும்? – கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் சவுக்கும் முந்திரியும் வெட்டிய நிலங்களில் மகரந்தம் சேர்க்கும் பூச்சிகளைப் பல வருஷமாகப் பார்த்துக் குறிப்பெடுத்து வருகிறேன். எனக்குத் தெரிந்ததற்கு விரிவாகவும், மற்றதற்கு ஒரு வரியிலும் பதில் சொல்கிறேன்.

குறிஞ்சிப்பாடி: அக்கா, நாலு வருஷச் சவுக்கைப் புரட்டாசியில் வெட்டினேன். இப்போது தை, நிலம் முழுக்கத் தும்பைப் பூ, தேனீ மொய்க்கிறது. மரம் இருந்தபோது ஒன்றுகூட வந்ததில்லை. அப்படியானால் வெட்டுவது தேனீக்கு நல்லதுதானே?

நீங்கள் பார்த்தது உண்மைதான் அண்ணே. சவுக்கின் மகரந்தம் காற்றில் பரவுவது, அதனிடம் தேனீக்குத் தேன் கிடையாது. சருகு மெத்தைபோலக் கிடப்பதால் அடியில் பூண்டும் எழும்பாது. வெட்டியதும் வெயில் இறங்கியது, ஐப்பசி கார்த்திகை மழை விழுந்தது, தும்பை, துத்தி, கொழிஞ்சி, வெட்டுக்காயப்பூண்டு எல்லாம் கிளம்பிவிட்டன. ஐரோப்பா, வட அமெரிக்கக் காடுகளிலும் வெட்டிய முதல் சில வருஷம் தேனீ கூடுவதையும், மரம் வளர்ந்து நிழல் மூடியதும் குறைவதையும் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் பூ என்பது சாப்பாடு மட்டும்தான். ராத்திரி தேனீ எங்கே தங்குகிறது என்று பார்க்க வேண்டும். உலகத்தில் இருக்கும் தேனீ இனங்களில் பெரும்பாலானவை மண்ணில் வளை தோண்டிக் குடியிருப்பவை. அவற்றுக்கு உங்கள் வெட்டிய நிலம் சொர்க்கம், உழாமல் விட்டால். பொந்தில் குடியிருக்கும் அடுக்குத் தேனீக்கும் கொசுத் தேனீக்கும் நாலு வருஷச் சவுக்கில் முதலிலேயே இடம் கிடையாது, அதனால் அதை வெட்டியதில் அவற்றுக்கு நஷ்டமும் இல்லை. உங்கள் கணக்கை அப்படியே பழைய முந்திரிக்காட்டுக்கும் கோயில் காட்டுக்கும் போட்டுவிடாதீர்கள், அங்கே பழைய மரத்தில் பொந்து உண்டு, கணக்கு தலைகீழ்.

காடாம்புலியூர்: தானே புயலில் எங்கள் முந்திரி எல்லாம் சாய்ந்தது. அறுத்து எடுத்துவிட்டு ஒட்டுக்கன்று நட்டோம். கன்று மூன்றாம் வருஷமே பூத்தது, ஆனால் பழைய இரைச்சல் இல்லை என்று அப்பா சொல்வார். அது மனப்பிரமையா?

இல்லை தம்பி, அப்பா காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று அந்தப் புயல் கரை கடந்தபோது முந்திரியும் பலாவும் மட்டும் சாயவில்லை. முப்பது நாற்பது வயசு மரத்தின் பொந்து, காய்ந்த கிளை, கறையான் அரித்த அடிமரம் எல்லாம் சேர்ந்து போயின. கன்று மூன்று வருஷத்தில் பூக்கும், ஆனால் மூன்று வருஷத்தில் பொந்து விழாது. முந்திரிக் கொத்தில் பெரும்பாலும் ஆண் பூதான், காய் பிடிக்கும் இருபால் பூ கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்கும் தேனீயோ ஈயோ மகரந்தத்தைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். கொத்தில் எறும்பு நிறைய ஓடுவதைப் பார்த்து வேலை நடக்கிறது என்று நினைக்காதீர்கள், எறும்பு தேனைக் குடிக்கும், மகரந்தத்தை மரம் விட்டு மரம் கொண்டுபோகாது.

பூக்கும் காலத்தில், முந்திரியில் சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசு என்ற பூச்சிக்கு மருந்து அடிக்கிறீர்களா? வேறு வழியே இல்லை என்றால் பொழுது சாய்ந்து, தேனீ கூடு திரும்பியபிறகு அடியுங்கள்.

விருத்தாசலம்: வெட்டிய கிளை, இலை எல்லாம் குவிந்து கிடக்கிறது. கொளுத்திவிடலாமா?

வேண்டாம். காய்ந்த கட்டையில் தச்சுத் தேனீ துளை போட்டு உள்ளே அறை அறையாக முட்டை வைத்திருக்கும். கட்டைக்குக் கீழே புதிய மரத்தூள் மாவுபோல உதிர்ந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. வேலி ஓரமாக அடுக்கி வையுங்கள்.

வில்லியனூர்: தென்னந்தோப்பு ஓரம் வெட்டிய வேலிமரக் குப்பையை எரித்தால் சாம்பல் உரமாகுமே?

மேலே சொன்ன பதில்தான். எரிக்காதீர்கள்.

பாகூர்: எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீ கட்டியிருக்கிறது, எப்படி விரட்டுவது?

இது என் வேலை இல்லை. தேன் எடுத்துப் பழகியவரைக் கூப்பிடுங்கள், நீங்களே புகை போட்டு ஏறாதீர்கள்.

வடலூர், தேனீ வளர்ப்பவர்: நீங்கள் சும்மா பயமுறுத்துகிறீர்கள். வெட்டிய நிலத்து ஓரத்தில் இருபது பெட்டி வைத்தேன், தேன் நன்றாகவே வந்தது. காட்டுத் தேனீ போனால் பெட்டித் தேனீ வேலையைச் செய்யும். தேனீ தேனீதானே?

இல்லை ஐயா, இதில்தான் நான் சண்டை போடுவேன். பெட்டியில் தேன் நிறைந்தால் பூ இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். ஆவாரம்பூவைப் பாருங்கள். அதன் மகரந்தப்பை குழல் மாதிரி, நுனியில் ஒரு சின்ன ஓட்டை. தச்சுத் தேனீ அதைக் கட்டிப்பிடித்து, சிறகை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவைக்கும். சத்தம் சட்டென்று மாறும், மகரந்தம் தூசியாகப் பீய்ச்சி அதன் வயிற்றில் ஒட்டும். பெட்டியில் இருக்கும் இந்தியத் தேனீக்கோ (அடுக்குத் தேனீதான் அது) இத்தாலியத் தேனீக்கோ இந்த வித்தை வராது.

அதே வடலூர்க்காரர்: ஆவாரையை யார் சாகுபடி செய்கிறார்கள்?

கத்தரிக்கும் அதே ஓட்டைதான் ஐயா, தக்காளியிலும் மகரந்தம் குழலின் நுனி வழியாகத்தான் வெளியே வரும். காற்றில் ஆடியும் கொஞ்சம் காய்க்கும், அதிரவைக்கும் தேனீ வந்தால் பிடிப்பு கூடும்.

பண்ருட்டி: நானும் சொல்கிறேன். எங்கள் கத்தரிக்கொல்லையில் பழைய முந்திரி நிற்கும் பக்கம் காய் நன்றாக இருக்கிறது, அறுத்த பக்கம் சுமார். வடலூர் அண்ணன் வந்து பார்க்கட்டும்.

மண்ணும் தண்ணீரும் இரண்டு பக்கமும் ஒன்றா என்று முதலில் பாருங்கள், அவசரப்பட்டு என் பக்கம் சாட்சி சொல்ல வேண்டாம். காலையில் கால் மணிநேரம் ஒவ்வொரு பக்கமும் உட்கார்ந்து, பூவில் வந்து உறுமுகிற தேனீயை எண்ணுங்கள். நீலப்பட்டை போட்ட ஒரு தேனீ வரும், கறுப்புத் தச்சுத் தேனீயைவிடச் சின்னது. அதன் ஆண்கள் சாயங்காலம் காய்ந்த புல் தண்டைத் தாடையால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்கும். ஒருமுறை பரங்கிப்பேட்டைப் பக்கம் வெட்டிய சவுக்கு நிலத்தில் ஒரே தண்டில் ஏழு பார்த்தேன், டார்ச் வெளிச்சத்தில்கூட அசையவில்லை. மறுவாரம் போனால் நிலத்தை உழுதிருந்தார்கள், புல்லும் இல்லை தேனீயும் இல்லை. இன்றைக்கும் அந்த இடத்தைத் தாண்டும்போது மனசு கனக்கிறது.

வடலூர் ஐயா, பெட்டி வைக்காதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. சின்ன நிலத்தில் இருபது பெட்டி இறக்கினால் காட்டுத் தேனீக்கு மிஞ்சுவது குறையும், அதை நினைவில் வையுங்கள் என்கிறேன்.

புதுச்சேரி: தேனில் எந்தப் பூ என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். தேனில் இருக்கும் மகரந்தத் துகளை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள், ஒவ்வொரு செடிக்கும் ஒரு வடிவம். நம் ஊரில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இதற்கென்றே பெரிய மகரந்தத் தொகுப்பு இருக்கிறது.

சிதம்பரம்: குப்பையைக் கொஞ்சமாக, ஓரமாக வைத்து எரிக்கலாமா?

மூன்றாவது தடவை. எரிக்க வேண்டாம் என்றால் கொஞ்சமாகவும் வேண்டாம்.

திருக்கனூர்: பொறம்போக்கில் நிற்கும் மரத்தை வெட்ட அனுமதி?

வருவாய்த் துறையிடம் கேளுங்கள்.

நெய்வேலி: நாளை மறுநாள் எங்கள் பழைய முந்திரி அறுக்க ஆள் வருகிறார்கள். கடன், வேறு வழியில்லை. இப்போது என்ன செய்யலாம் அக்கா?

வருத்தப்படாதீர்கள், ஒரு காலை இருக்கிறது. நாளை வெயில் ஏறிய பிறகு, எட்டு ஒன்பது மணிக்கு ஒவ்வொரு மரமாகச் சுற்றி வாருங்கள். அடிமரத்தில் பிசினால் செய்த சின்னக் குழாய் நீட்டிக்கொண்டு, கொசு அளவு கறுப்புப் பூச்சி உள்ளே வெளியே போனால் அது கொசுத் தேனீ, கொட்டாது. அந்த மரங்களுக்குச் சுண்ணாம்பால் வட்டம் போடுங்கள். முடிந்தால் அவற்றை விட்டுவைக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் குழாய்க்கு மேலும் கீழும் தாராளமாக இடம் விட்டு அறுக்கச் சொல்லுங்கள், இருட்டியதும் வாயைத் துணியால் அடைத்து, அறுத்த முனை இரண்டிலும் களிமண் அப்பி, நின்றிருந்த மாதிரியே நிமிர்த்திப் பக்கத்து நிழலில் வையுங்கள். மறுநாள் காலை துணியை எடுத்துவிடுங்கள். அடிக்கட்டையை ஜேசிபி வைத்துப் பிடுங்காமல் ஓரத்தில் நாலைந்தாவது இடுப்பு உயரத்துக்கு நிற்கட்டும். வேலியில் நொச்சி இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். அறுக்க வருபவரிடம் இதையெல்லாம் முந்தின ராத்திரியே சொல்லிவிடுங்கள், ரம்பம் ஓட ஆரம்பித்தபிறகு நீங்கள் சொல்வது அவர் காதில் விழாது.