ஆர்க்டிக் மங்கீஸ் குழுவின் பழைய வேகம் எங்கே போனது?

முதல் ஆல்பத்தில் புயலாக வந்த இந்த பிரிட்டிஷ் ராக் குழுவினர் இப்போது மேடையில் தூங்கி வழிகிறார்களே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டு மெதுவானது உண்மை. தூங்கி வழிகிறார்கள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஷெஃபீல்டைச் சேர்ந்த நான்கு இளைஞர்களின் முதல் ஆல்பத்தை 2006இல் டொமினோ என்ற சுயாதீன இசை நிறுவனம் வெளியிட்டது. பிரிட்டனில் முதல் வாரத்திலேயே 3,60,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. அதில் பாடகர் அலெக்ஸ் டர்னர் மூச்சு விடாமல் சொற்களைக் கொட்டுவார். கிட்டார்கள் பின்னாலேயே விரட்டிக்கொண்டு வரும். அந்த ஓட்டம் முதலில் மாறியது 2009இன் 'ஹம்பக்' ஆல்பத்தில். குவீன்ஸ் ஆஃப் த ஸ்டோன் ஏஜ் என்ற அமெரிக்க ராக் குழுவின் ஜாஷ் ஹோமி அதன் தயாரிப்பாளர்களில் ஒருவர். ஒலி கனத்தது, இருண்டது. ரசிகர்களில் சிலர் அப்போதே முகம் சுளித்தார்கள்.

நீங்கள் குறை சொல்லும் நிதானம் 2013இன் 'ஏஎம்' ஆல்பத்தில் முழுமையாக வந்துவிட்டது. அதன் முதல் பாட்டான 'டூ ஐ வான்னா நோ' நிமிடத்துக்குச் சுமார் 85 தாள அடிதான். ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறக்குறைய 0.7 வினாடி. பெரிய அரங்கில் இந்த இடைவெளி எவ்வளவு உதவுகிறது என்று பாருங்கள். ஒலி 100 மீட்டரைக் கடக்கவே 0.3 வினாடி ஆகும். எதிர்ச் சுவரில் மோதித் திரும்பினால் இன்னும் தாமதம். வேகமான கிட்டார் வாசிப்பு அங்கே தன் எதிரொலியிலேயே சிக்கிக் குழம்பிவிடும். மெதுவான வாசிப்போ ஒவ்வொரு சுரமாகக் கடைசி வரிசை வரை போய்ச் சேரும், கூட்டமும் தாளம் தவறாமல் கைதட்டும். இதை அவர்கள் கணக்குப் போட்டுச் செய்தார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் பலன் கண்கூடு.

அதன் பிறகு 2018இல் டர்னர் பியானோவில் அமர்ந்து பாட்டு எழுதினார், 2022இன் 'தி கார்' ஆல்பத்தில் வயலின்கள் சேர்ந்தன. மேடையிலோ பழைய வேகத்தை அவர்கள் கைவிடவே இல்லை. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் 2023இல் 'தி கார்' ஆல்பத்தின் 'ஸ்கல்ப்சர்ஸ் ஆஃப் எனிதிங் கோஸ்' என்ற ஊர்ந்து செல்லும் பாட்டோடு தொடங்கி, அடுத்த பாட்டாகவே 'பிரையன்ஸ்டார்ம்' வாசித்தார்கள். 2007இல் வந்த பாட்டு அது. மேட் ஹெல்டர்ஸ் டிரம்ஸில் கொட்டும் அந்த அடி மழையில் முந்தைய பாட்டு காணாமல் போகிறது. மெதுவான பாட்டு முன்னால் இல்லையென்றால் அந்த அதிர்ச்சியும் இல்லை.

ஒரு விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். பழைய பாட்டுகளில் டர்னர் இப்போது சொற்களைத் தாளத்துக்குப் பின்னால் இழுத்து இழுத்துப் பாடுகிறார். முதல் ஆல்பத்தின் வேகமான 'டான்ஸ்ஃப்ளோர்' பாட்டுக்கு அது பொருந்தவே இல்லை. எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது. கிளாஸ்டன்பரியைப் பொறுத்தவரை ஒரு சலுகை தரலாம்: சில நாள் முன்புதான் குரல்வளை அழற்சியால் டப்ளின் நிகழ்ச்சியை ரத்து செய்திருந்தார்கள்.

2007, 2023 இரண்டு ஆண்டுகளின் கிளாஸ்டன்பரிப் பதிவுகளையும் அடுத்தடுத்துப் பாருங்கள். டர்னரை விட்டுவிட்டு ஹெல்டர்ஸின் கைகளை மட்டும் கவனியுங்கள்.