கோல்ஃப் ஸ்விங்: கால் முந்தட்டும், கை பிந்தட்டும்

கேள்வி: ஐம்பது வயதுக்கு மேல் கோல்ஃப் பழக ஆரம்பித்து, ஊட்டியில் வாரம் இரண்டு நாள் ஆடுகிறேன். டிரைவரை (தூரமாக அடிக்கும் நீள மட்டையை) எடுத்தாலே பந்து வலது பக்கம் வளைந்து முள்புதருக்குள் போகிறது. "கையாலேயே அடிக்கிறீர்கள், இடுப்பைத் திருப்புங்கள்" என்றார்கள். வேகமாகத் திருப்பினேன். இப்போது பந்தின் தலையில்தான் அடி விழுகிறது, முதுகும் வலிக்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்?
- ஒரு வாசகர், குன்னூர்

பதில்: உங்களுக்குச் சொன்னது பாதி யோசனைதான், மீதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். இடுப்பு தானாகத் திரும்புவதில்லை, பாதம்தான் அதைத் திருப்புகிறது.

கேத்திப் பக்கம் லாரியில் கேரட் மூட்டை ஏற்றும்போது ஒரு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். இரண்டு பேர் மூட்டையின் முனைகளைப் பிடித்துப் பின்னால் ஒரு ஆட்டு ஆட்டுவார்கள்; மூட்டை இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும், அதற்குள் லாரிப் பக்கத்துக் கால் தரையில் அழுத்தமாக ஊன்றியிருக்கும், அப்புறம் இடுப்பு, தோள், கடைசியில்தான் கை. ஸ்விங்கிலும், அதாவது பந்தை அடிக்க மட்டையை வீசுவதிலும், இதே வரிசைதான். வலதுகை ஆட்டக்காரர் பேக்ஸ்விங்கில் (மட்டையைப் பின்னால் தூக்கும்போது) இடுப்பைச் சுமார் 45 டிகிரியும் தோளைச் சுமார் 90 டிகிரியும் திருப்புவார். கிளப், அதாவது மட்டை, உச்சிக்குப் போய்ச் சேரும் முன்பே எடை இடது காலுக்கு வர ஆரம்பித்துவிட வேண்டும். இடது குதிகால் தரையை மிதிப்பது உங்களுக்கே தெரியும். அந்த மிதியில்தான் இடுப்பு திரும்பும்.

எடை வலது காலிலேயே நிற்க, இடுப்பை மட்டும் சுழற்றினால் தோளும் கூடவே சுற்றிவிடும். கிளப் வெளிப்பக்கமிருந்து உங்கள் உடம்புப் பக்கமாகக் குறுக்கே வரும், பந்து வலது பக்கம் வளையும். தலையில் அடி விழுவது வேறு கதை. அவசரத்தில் இடுப்பு பந்தை நோக்கி முன்னால் வருகிறது, கைக்கு இடமில்லை, உடம்பு நிமிர்ந்துவிடுகிறது. முதுகுவலிக்கும் இந்த அவசரம் ஒரு காரணமாக இருக்கலாம். வலி இருக்கும்வரை தயவுசெய்து முழு வேகத்தில் அடிக்காதீர்கள், ஒருமுறை மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.

வீட்டிலேயே கிளப் இல்லாமல் பழகலாம். பின்புறம் சுவரில் லேசாகப் படும்படி குனிந்து நில்லுங்கள். பின்னால் திரும்பும்போது வலது புட்டம் சுவரில் படட்டும். முன்னால் வரும்போது சுவரை விட்டு விலகாமல் இடது புட்டம் அந்த இடத்துக்கு வரட்டும். மெதுவாக இருபது தடவை போதும். அப்புறம் மைதானத்தில் 7 அயர்னோடு (நடுத்தர தூரத்துக்கான இரும்புத்தலை மட்டையோடு) இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்துத் தொடங்கி, கிளப் மேலே போகும்போதே இடது காலை இலக்குப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்து அடியுங்கள். முதல் பத்துப் பந்து கோணலாகத்தான் போகும், விட்டுவிடாதீர்கள். இந்த வயதில் இடுப்பு கொஞ்சம் இறுக்கமாக இருக்கும் என்பதால், நிற்கும்போதே இடது பாதத்தின் நுனியை இலக்குப் பக்கம் சற்றுத் திருப்பி வையுங்கள், முழங்காலுக்கும் அது நல்லது.

கேள்வி: கொடைக்கானலில் சரிவில் நின்று அடிக்கும்போதும் இதே மாதிரிதானா?
- ஒரு வாசகி, பழனி

பதில்: இல்லை அம்மா. சரிவில் முதல் வேலை விழாமல் நிற்பது. பந்து காலுக்குக் கீழே இருந்தால் முழங்காலை நன்றாக மடக்கி, அடித்து முடியும்வரை அந்த மடிப்பை விடாதீர்கள். காலை அமைதியாக வைத்து, முக்கால் ஸ்விங் மட்டும் போடுங்கள். வலதுகைக்காரருக்குப் பந்து காலுக்குக் கீழே இருந்தால் வலது பக்கமும் மேலே இருந்தால் இடது பக்கமும் போகப் பார்க்கும், அதற்குத் தகுந்தபடி குறி வையுங்கள். காலைப் பனியில் புல் வழுக்கும், ஷூவின் ஸ்பைக்கை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.