கேளுங்க, சொல்றேன்: ‘இல்லை’யும் ‘இளமலை’யும் ஒரே பக்கெட்டுல

போன இதழ்ல ஹேஷ் டேபிள் பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதுனேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. ஹேஷ் டேபிள்னா இவ்ளோதான்: ‘கீ’ன்னு குடுக்குற சொல்லையோ எண்ணையோ ‘ஹேஷ்’ங்குற ஒரு கணக்கு எண்ணா மாத்தும், அந்த எண் காட்டுற ‘பக்கெட்’டுல, அதாவது அறைல, அத போட்டு வெச்சா தேடும்போது நேரா அங்கயே போயிடலாம். அதனால இந்த தடவை முழுக்க அதுதான், மொபைல் பேட்டரி கேள்வி அனுப்புனவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: ஹேஷ்னாலே ஷா-256 தான் பெஸ்ட், யாராலயும் உடைக்க முடியாதுன்னு எங்க சார் சொல்றாரு. அப்போ ஹேஷ் டேபிளுக்கும் அதையே போட்டா என்ன? ஏன் ஆளாளுக்கு புதுசு புதுசா ஒண்ணு எழுதிட்டு இருக்காங்க? (இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவி)

பதில்: போடலாம்மா, விடை ஒண்ணும் தப்பா வராது. ஆனா அது நாலு கடுகு தாளிக்க கல்யாண அண்டாவ அடுப்புல ஏத்துற மாதிரி. பாதுகாப்பு வேலைக்குன்னே செஞ்ச ஷா-256க்கு நீ அஞ்செழுத்து கீ குடுத்தாலும் அத 64 பைட்டுக்கு நிரப்பி, 64 ரவுண்டு சுத்தித்தான் வெளிய விடும், அப்படி வந்த 256 பிட்டுல ஆயிரம் பக்கெட் இருக்குற டேபிளுக்கு நாம எடுத்துக்குறது வெறும் பத்து பிட்டு. மிச்சம் 246 குப்பைக்கு. டேபிள்ல தேடுற ஹேஷ்கிட்ட யாரும் ரகசியம் காக்கச் சொல்லல, அதுகிட்ட கேக்குறது ரெண்டே ரெண்டுதான்: கீ எல்லாத்தையும் பக்கெட்டுகள்ல சமமா பரப்பணும், அதையும் சட்டுனு முடிக்கணும். பரப்புறதுல கொஞ்சம் கோட்டை விட்டாலும் பரவால்ல, தேடி எடுத்த கீயை நிஜ கீயோட ஒப்பிட்டுப் பாக்கத்தானே போறோம்.

இந்த பரப்புறதுங்குற விஷயத்துக்கு போஸ்ட் ஆபீஸ நினைச்சுக்கோ. தமிழ்நாட்டுக்குள்ள போற லெட்டரையெல்லாம் பின்கோடோட முதல் எண்ண பாத்து பிரிச்சா என்ன ஆகும்? எல்லாமே 6ல தான் ஆரம்பிக்கும், ஒரே அறைல மலையா குவியும், மத்த ஒன்பது அறையும் ஈ ஓட்டும். கீக்குள்ள எந்த இடம் மாறுது, எந்த இடம் மாறாம சும்மா நிக்குதுன்னு பாக்குறதுலதான் பாதி வேலையே இருக்கு.

நம்ம எழுத்துக்கும் இதே கதைதான். எழுத்த பைட்டா மாத்தி வெக்கிற யுடிஎஃப்-8 முறைல தமிழ் எழுத்து குறி ஒவ்வொண்ணும் மூணு பைட். முதல் பைட் எப்பவும் 224. ரெண்டாவது 174 இல்லன்னா 175. மூணாவதுதான் 128லேர்ந்து 191 வரைக்கும் அசையுது. உயிரெழுத்தும் மெய்வரிசையும் 174 பக்கம் இருக்குறதால அகராதில இருக்குற எந்த தமிழ் சொல்ல எடுத்தாலும் முதல் ரெண்டு பைட் 224, 174 தான், அம்மாவா இருந்தாலும் வெங்காயமா இருந்தாலும். வேகம் வேணும்னு முதல் ரெண்டு பைட்ட மட்டும் பாக்குற ஹேஷ் எழுதுனா இங்கிலீஷ்ல ஏதோ சுமாரா ஓடும், தமிழ்ல மொத்த அகராதியும் ஒரே பக்கெட்டுல உக்காந்துக்கும்.

சரி, எல்லா பைட்டையும் கூட்டிடுவோம்னா, கூட்டலுக்கு வரிசை தெரியாது. ‘கதவு’க்கும் ‘தகவு’க்கும் ஒரே எண் வரும், எழுத்து அதேதான், இடம்தான் மாறியிருக்கு. அதனாலதான் ஒவ்வொரு எழுத்தையும் சேக்குறதுக்கு முன்னாடி இதுவரைக்கும் வந்தத ஒரு எண்ணால பெருக்குறாங்க. ஜாவா மொழில ஸ்ட்ரிங்குக்கு, அதாவது எழுத்துக் கோவைக்கு, போடுற ஹேஷ் அதத்தான் செய்யுது, 31ஆல பெருக்கி அடுத்த எழுத்த கூட்டு, அவ்ளோதான்.

இதுலயும் ஓட்டை இருக்கு. புத்தகமெல்லாம் ‘ஏஏ’, ‘பீபீ’ன்னு இங்கிலீஷ் எழுத்துல ஒரு உதாரணம் காட்டும் (முதல்ல பெரிய ஏ, அடுத்து சின்ன ஏ, ரெண்டுக்கும் 2112). நாம தமிழ்லயே பாப்போம். பேப்பர் பேனா எடுத்துக்கோ. ஜாவா இந்த மூணு பைட்ட பாக்காது, எழுத்தோட யூனிகோட் எண்ண எடுத்துக்கும், அதுல இ-க்கு 2951, ல-வுக்கு 2994, புள்ளிக்கு 3021. ‘இல்லை’ல முதல் மூணு குறிய போட்டுப் பாரு: 2951ஐ 31ஆல பெருக்கி 2994 கூட்டுனா 94475, அத மறுபடி 31ஆல பெருக்கி 3021 கூட்டுனா 2931746. இப்போ ‘இளமலை’: ள-வுக்கு 2995, ம-வுக்கு 2990. முதல் படில 94476, அடுத்து 31ஆல பெருக்கி 2990 கூட்டு, அதே 2931746! ள ஒண்ணு கூட, ம 31 கம்மி, கணக்கு நேராயிடுச்சு. இதுக்கப்புறம் ரெண்டுலயும் ‘லை’தான் பாக்கி, அதனால முழு ஹேஷும் ஒண்ணே, -1477463560 (32 பிட்டுக்குள்ள அடக்குறதால மைனஸ்ல போயிடுது). ‘தமிழ்’னு ஒரு கீயும் ‘தமிவம’ன்னு ஒரு உளறலும் குடுத்துப் பாரு, அதுவும் முட்டும். நான் இத கண்டுபிடிச்ச அன்னிக்கு சோறு ஆறிப்போச்சு.

இதுக்காக 31 மோசம்னு அர்த்தம் இல்ல, சாதாரண கீக்கு ஓடும். புதுசு புதுசா எழுதுறவங்க தேடுறது, இதே செலவுல இந்த மாதிரி சுலபமா முட்டாத ஒண்ண.

கேள்வி: 31, 33, 5381, 16777619... இந்த எண்ணெல்லாம் எங்கேர்ந்து வருது? ஏதாவது மந்திரமா?

பதில்: மந்திரம் எதுவும் இல்ல. 33ம் 5381ம் டேனியல் பெர்ன்ஸ்டைன் பேர்ல சுத்துற ஹேஷ். 33ஆல பெருக்குறதுன்னா அஞ்சு பிட் இடப்பக்கம் தள்ளி ஒரு தடவை கூட்டுறது, பழைய மெஷின்ல அது மலிவு. ஆரம்ப மதிப்பான 5381க்கு தனி மகிமைன்னு ஒண்ணும் கிடையாது, வேற எண்ண வெச்சும் ஓட்டலாம். 16777619 எஃப்என்வி ஹேஷோட 32 பிட் பகா எண், ஃபௌலரும் வோவும் 1991ல ஆரம்பிச்சு வெச்சத நோல் மெருகேத்துனது. அதோட ஆரம்ப மதிப்பு 2166136261 எப்படி வந்துச்சு தெரியுமா, நோல் தன் ஈமெயில் அடில போடுற கையெழுத்து வரிய அந்த ஹேஷோட முதல் வடிவத்துக்குள்ளயே விட்டு எடுத்தது! பூஜ்யம் இல்லாம ஏதோ ஒரு எண் வேணும், அவ்ளோதான் தேவை.

இன்னொண்ணு, ஜாவா ஆரம்ப காலத்துல, 1.1 வரைக்கும், 15 எழுத்துக்கு மேல போன ஸ்ட்ரிங்கா இருந்தா சில எழுத்த மட்டும் இடைவெளி விட்டு பொறுக்கி எடுத்து ஹேஷ் போட்டாங்க, வேகமா இருக்கும்னு. வலைமுகவரிங்க எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒட்டிப்பொறந்த மாதிரி இருக்குமே, அது மொத்தமா முட்டிக்கிச்சு, 1.2ல விட்டுட்டாங்க.

கேள்வி: டேபிள் சைஸ் பகா எண்ணா இருக்கணும்னு காலேஜ்ல படிச்சேன், ஆபீஸ்ல எல்லாரும் 1024, 2048னு வெக்கிறாங்க. எது சரி? (சாஃப்ட்வேர் வேலைல மூணு வருஷம்)

பதில்: ரெண்டும் சரி, ஆனா 1024 வெச்சா பொறுப்பு உங்க ஹேஷ் தலைல விழும். பகா எண்ணால வகுத்து மீதி எடுத்தா கீல இருக்குற எல்லா பிட்டுக்கும் பங்கு இருக்கும், ஆனா வகுத்தல் மெதுவு, பழைய ப்ராசஸர்ல 64 பிட் வகுத்தல் பல பத்து சைக்கிள் (ப்ராசஸரோட ஒரு துடிப்பு நேரம்) தின்னும், பெருக்கல் மூணே சைக்கிள்ல முடியும். 1024ன்னா கடைசி பத்து பிட்ட மட்டும் வெட்டி எடுத்தா போதும், செலவே இல்ல, ஆனா மேல இருக்குற பிட்டு எதையும் டேபிள் கண்ணெடுத்தும் பாக்காது.

நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல இதுல வசமா மாட்டுனோம். பில் நம்பர்தான் கீ, அதுல கடைசி பத்து பிட்டு கவுண்டர் நம்பர், அதுக்கு மேல வரிசை எண். டேபிள நாங்களே எழுதுனோம், ஹேஷ்னு தனியா ஒண்ணும் வேணாம், கீயே ஒரு எண்தானேன்னு அப்படியே விட்டுட்டோம். டெஸ்ட்ல பல கவுண்டர் டேட்டா இருந்ததால பறந்துச்சு. ஒரே கவுண்டர் இருக்குற கடைக்கு போனதும் ஊர்ந்துச்சு, ஏன்னா கடைசி பத்து பிட்டு எல்லா பில்லுக்கும் ஒண்ணே. டேபிள் பெருசாகும்போது சரியாயிடும்னு ஒருத்தர் சொன்னாரு, ஆகல, சைஸ் ரெண்டு மடங்கானா பில்லும் ரெண்டு மடங்காகியிருக்கும், ஆயிரத்துல ஒரு பக்கெட்டுல மட்டும் ஆளு, அதுல எழுநூறு எண்ணூறு பேர் க்யூ. ரெண்டு நாள் டேட்டாபேஸ திட்டுனதுக்கு அப்புறம்தான் ஒரு பையன் பக்கெட் நீளத்த பிரிண்ட் போட்டுப் பாத்தான்.

சரி பண்ணுனது ஒரே வரில. கீயை 2654435769ஆல பெருக்கி, 32 பிட்டுல மேல் பத்து பிட்ட எடு. அந்த எண் 2ன் அடுக்கு 32ஐ பொன் விகிதம் 1.618ஆல வகுத்தா வர்றது, டொனால்ட் க்னூத் விளக்கி எழுதுன முறை, ஃபிபொனாச்சி ஹேஷிங்ம்பாங்க. மேல் பிட்டுதான் எடுக்கணும், இத அடிக்கோடு போட்டுக்கோங்க. பெருக்கல்ல கைமாத்து எப்பவும் இடப்பக்கமாத்தான் ஏறும், கீழ இறங்காது, அதனால விடையோட கடைசி பிட்டுக்கு கீயோட கடைசி பிட்ட தவிர வேற யாரையும் தெரியாது. பெருக்கிட்டு கீழ் பிட்ட எடுத்தா பெருக்காத மாதிரிதான்.

கீழ் பிட்டேதான் வேணும்னா மேல இருக்குறத கீழ கொண்டு வரணும், ஷிஃப்ட் பண்ணி, அதாவது பிட்டுங்கள கீழ தள்ளி, எக்ஸார் போடணும் (ரெண்டு எண்ண பிட் பிட்டா ஒப்பிட்டு, ஒண்ணா இருந்தா 0, வேறயா இருந்தா 1). ஜாவாவோட ரெடிமேட் ஹேஷ் டேபிளான ஹேஷ்மேப் 16 பிட் ஷிஃப்ட் பண்ணி ஒரு எக்ஸார் போடுறது இதுக்குத்தான். ஆஸ்டின் ஆப்பிள்பி 2008ல விட்ட மர்மர்ஹேஷ் வழில வந்த மூணாவது பதிப்போட கடைசி கட்டத்துல எக்ஸார், பெருக்கு, எக்ஸார், பெருக்கு, எக்ஸார்னு மாத்தி மாத்தி வரும், பெருக்கல் மேல ஏத்தும் ஷிஃப்ட் கீழ இறக்கும், தோசை மாவ கரண்டியால கிண்டுற மாதிரி. ஒரு பிட் மாறுனா வெளிய பாதி பிட்டு மாறணும்ங்குறது அளவுகோல், அத சோதிக்க அவரே எஸ்எம்ஹேஷர்னு ஒரு டெஸ்ட் தொகுப்பும் எழுதி வெச்சாரு, இன்னிக்கும் புது ஹேஷ் எழுதுறவங்க அதுலயும் அதோட வாரிசுகள்லயும் ஓட்டிக்காட்டாம வாய் திறக்க முடியாது.

கேள்வி: பத்து லட்சம் ஸ்லாட் வெச்சேன், ஆயிரத்து இருநூறு கீ கூட போடல, கொலிஷன் (ரெண்டு கீ ஒரே இடத்துல முட்டுறது) வருது. ஹேஷ் கெட்டுப்போச்சா?

பதில்: இல்ல, அப்படித்தான் வரும். முழுக்க சமமா பரப்புற ஹேஷா இருந்தாலும் 1,200 கீக்கு எங்கயாவது ஒரு ஜோடி முட்டுறதுக்கு பாதிக்கு மேல வாய்ப்பு. 23 பேர் இருக்குற ரூம்ல ரெண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள்ங்குற அதே கணக்கு. ஒண்ணு ரெண்டு முட்டுனா விடுங்க, நூறு முட்டுனா எழுதுங்க.

கேள்வி: எக்ஸ்எக்ஸ்ஹேஷ், வைஹேஷ் எல்லாம் எப்படி இவ்ளோ வேகமா ஓடுது?

பதில்: எஃப்என்வி மாதிரி பழைய ஆளுங்க ஒரு நேரத்துல ஒரு பைட்தான் சாப்பிடுவாங்க, முதல் பெருக்கல் முடிஞ்சாத்தான் அடுத்தது தொடங்கும். ‘தமிழ்’ 15 பைட், அதாவது 15 பெருக்கல் ரேஷன் க்யூ மாதிரி ஒருத்தர் பின்னாடி ஒருத்தர். புதுசுங்க எட்டு எட்டு பைட்டா அள்ளுது. அதே ‘தமிழ்’ல முதல் எட்டு பைட், கடைசி எட்டு பைட்னு ரெண்டே வாசிப்பு, நடுவுல ஒரு பைட் ரெண்டு தடவை வரும், வந்துட்டு போகட்டும், மீதி பைட்ட ஒண்ணொண்ணா பொறுக்குற லூப் தேவையே இல்ல. ஆனா நீளத்தையும் கலந்துடணும், இல்லன்னா நீளம் வேற வேற கீ ரெண்டு ஒண்ணு போல தெரியும். வைஹேஷ் அந்த ரெண்டு எட்டையும் ஆளுக்கொரு ரகசிய எண்ணோட எக்ஸார் பண்ணி ஒண்ணோட ஒண்ண பெருக்கி, வர்ற 128 பிட்டுல மேல் பாதியையும் கீழ் பாதியையும் எக்ஸார் போட்டு ஒண்ணாக்கிடும், மேல ஏறுனது கீழ இறங்குறதும் அதுலயே முடிஞ்சிடுது. பெருக்குற ரெண்டுல ஒண்ணு பூஜ்யமாயிட்டா மட்டும் மத்தது காணாமப் போயிடும், அபூர்வம்.

பெரிய ஃபைலுக்கு வினாடிக்கு இத்தன ஜிபின்னு விளம்பரம் பாத்து மயங்காதீங்க. டேபிள் கீ பெரும்பாலும் இருபது முப்பது பைட்டுக்குள்ளதான், அங்க ஆரம்பிக்குற முடிக்குற செலவுதான் தீர்மானிக்கும்.

கேள்வி: என் வெப்சைட் ஃபார்ம்ல வர்ற டேட்டா நேரா ஹேஷ் டேபிள்ல போகுது. வேகமான ஹேஷே போதும்ல?

பதில்: வெளியாள் கீ குடுக்குற இடம்னா போதாது. ‘இல்லை–இளமலை’ ஜோடிய மேல பாத்தோம்ல, அந்த மாதிரி ஜோடிங்கள பக்கத்துல பக்கத்துல ஒட்டுனா இருபது ஜோடிலயே பத்து லட்சத்துக்கு மேல ஸ்ட்ரிங் கிடைக்கும், அத்தனையும் ஒரே ஹேஷ். இப்படி டேபிள படுக்க வெக்கலாம்னு 2003லயே கிராஸ்பியும் வாலக்கும் கட்டுரை எழுதுனாங்க, பல பேரு காதுல வாங்கல. 2011 டிசம்பர்ல க்ளிங்க், வேல்டேன்னு ரெண்டு பேர் ஜெர்மனில மேடையேறி பிஹெச்பி, ஜாவா, பைத்தான்னு வரிசையா காட்டுனதும்தான் எல்லாரும் எழுந்து ஓடுனாங்க. ரேண்டம் சீட் (ஹேஷ் ஆரம்பிக்குறப்போ கலக்குற, வெளியாளுக்கு தெரியாத ஒரு எண்) போட்டா போதும்னு நினைச்சவங்களுக்கும் அடி, மர்மர்ஹேஷ்ல சீட் எதுவா இருந்தாலும் முட்டுற கீய உண்டாக்கிக் காட்டிட்டாங்க. ஓமாசனும் அதே பெர்ன்ஸ்டைனும் 2012ல குடுத்த சிப்ஹேஷ் இதுக்குன்னே செஞ்சது, கொஞ்சம் மெதுவு, ஆனா சின்ன கீக்கு தாங்கும். பைத்தான் 3.4லேர்ந்து அதுக்கு மாறிச்சு, ரஸ்ட்லயும் அந்த குடும்பம்தான் டீஃபால்ட். ஜாவா 8 வேற வழி, ஒரு பக்கெட்டுல ரொம்ப குவிஞ்சா அங்க இருக்குற லிஸ்ட்ட சட்டுனு தேடக்கூடிய மரமா (ட்ரீ) மாத்திடும். உங்க ஃபார்முக்கு சிப்ஹேஷ் போடுங்க, உள்ளுக்குள்ள நீங்களே உண்டாக்குற கீக்கு வேகமானத வெச்சுக்கோங்க.

கேள்வி: பைத்தான்ல 1க்கு ஹேஷ் 1, 2க்கு 2, ஆனா -1க்கு மட்டும் -2 வருது. பக்னு சொல்லட்டுமா?

பதில்: வேணாம், தெரிஞ்சே வெச்சது. உள்ள இருக்குற சி கோடுல ஹேஷ் ஃபங்ஷன் -1 திருப்பி குடுத்தா ‘எரர்’னு அர்த்தம், அதனால நிஜமாவே -1 வந்தா அத -2 ஆக்கி அனுப்பிடுறாங்க. -2க்கு ஏற்கனவே -2 தான், பாவம் அது எந்த தப்பும் பண்ணல, தினமும் -1 கூட இடத்துக்கு சண்டை போட்டுட்டு கிடக்கு.