ஆய்வறிக்கைகளை யார் படிக்கிறார்கள்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

நலத்திட்டங்களின் பயன் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எந்த அரசாவது ஆய்வைப் படித்து முடிவெடுத்ததுண்டா, இல்லை எல்லாம் தேர்தல் கணக்குதானா? முடித்தபின் என் அறிக்கையை யாருக்கு அனுப்புவது?

ஆய்வு மாணவி, மதுரை

அன்புள்ள மாணவிக்கு,

உண்டு. ஆனால் அறிக்கையைப் படித்து மனம் மாறினார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். மெக்சிகோவைப் பாருங்கள். அங்கே புதிதாக வரும் அதிபர், முந்தையவரின் வறுமை ஒழிப்புத் திட்டத்தைத் தூக்கியெறிவது வழக்கமாக இருந்தது. 1997-ல் ப்ரோக்ரெஸா என்ற திட்டம் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனால், குடும்பத்தார் சுகாதார நிலையத்துக்கு வந்தால், தாயின் கையில் பணம். அதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர், நிதித்துறைத் துணை அமைச்சராக இருந்த பொருளியலாளர் சாண்டியாகோ லெவி. ஆட்சி மாறினாலும் திட்டம் பிழைக்க வேண்டும் என்பது அவருடைய கவலை. எல்லா ஊருக்கும் ஒரே சமயத்தில் கொடுக்கப் பணமில்லை. அதையே சாதகமாக்கி, 506 கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள்: 320-க்கு உடனே, 186-க்குப் பிறகு. (காத்திருந்த தாய்மார்களை நினைத்தால் எனக்கு நெருடல்தான்.) இரு தரப்பையும் ஒப்பிட்டு மதிப்பிடும் வேலையை வாஷிங்டனில் உள்ள பன்னாட்டு உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்திடம் கொடுத்தார்கள். தொடக்கப் பள்ளிக்கு மேல் படிக்கச் சேர்வோரின், குறிப்பாகப் பெண் பிள்ளைகளின், எண்ணிக்கை கூடியிருந்தது.

2000-ல், 71 ஆண்டுகள் ஆண்ட கட்சி தோற்றது. புதிய அதிபர் விசென்டே ஃபாக்ஸ் திட்டத்தைக் கைவிடவில்லை, நகரங்களுக்கும் விரித்தார். பெயரை மட்டும் மாற்றினார். அதையும் விட்டுவைக்க எந்த அரசியல்வாதிக்குத்தான் மனம் வரும்!

2019-ல் அதிபர் லோபஸ் ஒப்ரடோர் அந்தத் திட்டத்தை மூடி, கல்வி உதவித்தொகைகளைக் கொண்டுவந்தார். அதற்குள் உலகிலேயே அதிகம் ஆராயப்பட்ட நலத்திட்டங்களில் ஒன்றாக அது ஆகியிருந்தது. ஃபாக்ஸுக்குப் பழைய ஆட்சியின் திட்டத்தைத் தொடர ஒரு நியாயம் வேண்டியிருந்தது, ஆய்வு கைகொடுத்தது. ஒப்ரடோருக்கு அந்தத் தேவை இல்லை. பள்ளிச் சேர்க்கை கூடியதா என்பதற்கு ஆய்வில் விடை இருந்தது. ஏழைக்குக் கொடுக்கும் பணத்துக்கு நிபந்தனை எதற்கு என்று ஒருவர் கேட்டால், எந்தக் குலுக்கலும் பதில் சொல்லாது.

ஆகவே அறிக்கையை முடித்தபின் அனுப்ப முகவரி தேடாதீர்கள். இப்போதே அந்தத் திட்டத்தின் கோப்பைக் கையாளும் அதிகாரியைப் போய்ப் பாருங்கள். அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன் அவருக்கு எந்தக் கேள்விக்கு விடை தேவை என்று கேளுங்கள். அதை ஆராயுங்கள், அவர் கேட்க விரும்பாத ஒன்றையும் சேர்த்தே ஆராயுங்கள்.